புல்தரை பதிக்க ஏற்ற பருவம் எது?



நெல்லுக்குப் பட்டம் உண்டு. நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் உண்டு. பட்டம் தவறினால் விளைச்சல் தவறும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் புல்லுக்கும் பட்டம் உண்டு என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். வரப்பில் தானாகப் படர்ந்து, மண்வெட்டியால் கொத்தி எறிந்தாலும் அடுத்த மழைக்கு மீண்டும் தலைகாட்டும் அருகம்புல்லைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது வேடிக்கையாகத்தான் தோன்றும்.

பள்ளிக்கூட முற்றம், மருத்துவமனை வாசல், திருமண மண்டபம், புது வீட்டின் முன்புறம் என்று இன்று சிற்றூர்களில்கூடப் புல்தரை அமைக்கிறார்கள். வேரோடும் மண்ணோடும் சதுரமாக வெட்டியெடுத்த புல் பத்தைகளைச் சதுர அடிக் கணக்கில் விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி வந்து பதிக்கிறார்கள். இந்தப் புல்லையே பயிராக வளர்த்து விற்கும் உழவர்களும் உண்டு. இவ்வாறு விலை கொடுத்து வாங்கிய புல் மூன்றே வாரத்தில் வைக்கோலாகிப் போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை மட்டமான புல்லால் கெட்டவை அல்ல. எருக் குறைவால் கெட்டவையும் அல்ல. பதித்த மாதத்தால் கெட்டவை.

வெட்டிய புல்லின் நிலை

பருவத்தைப் பற்றிப் பேசுமுன், புல் பத்தை என்பது எத்தகைய பொருள் என்று தெரிந்து கொள்ளுதல் நலம். மேலே பச்சைப் பசேலென்று இருப்பதால் அது வளர்ந்து முடிந்த பயிர் என்று நினைத்து விடுகிறோம். உண்மையில், பத்தையை வெட்டும்போது வேர்களின் பெரும்பகுதி அறுபட்டுப் பழைய நிலத்திலேயே தங்கி விடுகிறது. நம் கைக்கு வருவது 2.5 முதல் 5 செ.மீ. கனமுள்ள மண், அதில் சிக்கிய அடித்தண்டுகள், கட்டையான வேர்கள், மேலே முழு இலைப்பரப்பு ஆகியவைதான். நீரை வெளிவிடும் இலை குறையவில்லை. நீரை உறிஞ்சும் வேர் குறைந்து விட்டது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்று நடவு வயலில் ஒரு வாரம் வாடி நிற்கிறதே, அதே கதைதான். ஆனால் நாற்றுக்குக் காலடியில் சேறும் தண்ணீரும் இருக்கின்றன. புல் பத்தைக்கு அதுவும் இல்லை.

ஆகவே, பதித்த நாள் முதல் புது வேர் கீழ்மண்ணில் இறங்கும் வரையுள்ள இடைக்காலமே புல்தரையின் ஆயுளை முடிவு செய்கிறது. அருகு இனங்களுக்கு இந்த இடைக்காலம் இரண்டு முதல் மூன்று வாரம். நர்சரிகளில் கொரியன் புல் என்று விற்கப்படும் மென்மையான புல்லுக்கு நான்கு முதல் ஆறு வாரம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். அந்த வாரங்களில் மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஈரம் குறையக் கூடாது. ஈரம் தேங்கவும் கூடாது. இலையிலிருந்து நீர் வேகமாக ஆவியாகக் கூடாது. இவை நான்கும் ஒன்றாக அமையும் வாரங்களைத் தேடுவதே பருவம் பார்ப்பதாகும்.

நம் சமவெளிப் புற்கள் எல்லாம் வெப்பம் விரும்பிகள். மண்ணின் வெப்பநிலை 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது வேர் நன்கு ஓடும். இலை வளர்ச்சிக்கு 27 முதல் 35 டிகிரி ஏற்றது. வேர் விரும்பும் சூடு, இலை விரும்பும் சூட்டைவிடச் சற்றுக் குறைவு என்பதைக் கவனியுங்கள். சித்திரை வெயிலில் வேரூன்றிய புல் வாடாமல் நிற்பதைக் கண்டு, புதுப் புல்லும் நிற்கும் என்று ஏமாறுவது இந்த வேறுபாட்டை அறியாததால்தான்.

நான் செய்த தவறு

பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமப் பள்ளியின் கொடிக்கம்ப முற்றத்தில் புல்தரை அமைக்க யோசனை கேட்டார்கள். கோடை விடுமுறையில் வேலையை முடித்து, பள்ளி திறக்கும் நாளில் பச்சையாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். சித்திரை மாதம். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிச் சமாளித்து விடலாம் என்று தலையாட்டி விட்டேன்.

பத்தைகள் தொலைவிலிருந்து லாரியில் வந்தன. தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கின் நடுவே கையை விட்டுப் பார்த்தபோது, மக்கும் எருக்குவியலைத் தொட்டதுபோல் சுட்டது. வெட்டிய புல்லும் மூச்சு விடுகிறது. அடுக்கி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி வேரை வேக வைக்கிறது. அப்போதே நான் விழித்திருக்கலாம். பதித்தோம். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். பத்தாம் நாள் இணைப்புகளில் மஞ்சள் கோடு தெரிந்தது. பத்தைகள் சுருங்கி ஓரங்கள் மேலெழும்பின. மூன்றாம் வாரம் குழாயடியை ஒட்டிய ஒரு திட்டு மட்டும் பச்சையாக மிஞ்சியது.

புல் போனது பெரிய நட்டமன்று. பள்ளி திறந்தபோது கிணற்றில் தண்ணீர் அடி மட்டத்துக்குப் போயிருந்தது. சத்துணவுச் சமையலுக்கு வெளியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அந்தக் கிணற்றை இறைத்தது என் யோசனை. அதே முற்றத்தில், அதே வகைப் புல்லை ஆவணிக் கடைசியில் மறுபடியும் பதித்தோம். பத்து நாளில் மூலையைத் தூக்கிப் பார்த்தால் தூக்க முடியவில்லை, பிடித்து விட்டது. மண்ணும் புல்லும் அவையே. ஊற்றிய தண்ணீர் மட்டும் சித்திரையில் ஊற்றியதில் பாதிகூட இல்லை.

தண்ணீர்க் கணக்கு

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 1 லிட்டர். கோடையில் நம் சமவெளியில் திறந்த பாத்திரத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மி.மீ. நீர் ஆவியாகிறது. மேகமூட்டமுள்ள மழைக்காலத்தில் அதில் பாதிதான். 5 சென்ட் புல்தரை என்றால் ஏறக்குறைய 200 சதுர மீட்டர். புதுப் பத்தை காயாமல் இருக்க, ஆவியாகும் அளவையாவது திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக் கொண்டால், கோடையில் நாளொன்றுக்கு 1,400 லிட்டர் தேவை. மூன்று வாரத்துக்கு 29,400 லிட்டர். 6,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஐந்து நடை வர வேண்டும். கொரியன் புல்லாக இருந்தால் பத்து நடை.

அதே பரப்புக்கு ஆவணி, புரட்டாசியில் தேவை பெரிதும் குறைகிறது. நடுவில் இரண்டு நல்ல மழை கிடைத்து விட்டால், நாலைந்து நாளுக்கு மோட்டாரைப் போட வேண்டியதே இல்லை.

எந்த மாவட்டத்தில் எப்போது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அம்மழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் நாளையொட்டித் தொடங்கும். மழைக்காலம் என்றால் புல்லுக்கு நல்ல காலம்தானே என்று தோன்றலாம். வேரூன்றிய புல்லுக்கு நல்ல காலம்தான். ஆனால் ஐப்பசியில் புதிதாகப் பதித்தால், அடைமழை இணைப்பு மண்ணைக் கரைத்துக் கொண்டு போகும். சரிவில் உள்ள பத்தைகள் நழுவும். அடியில் நீர் தேங்கினால் காற்று கிடைக்காமல் புது வேர் அழுகும். பல நாள் வெயில் இன்றி இலை ஈரமாகவே இருந்தால் பூசண நோய்களும் வரும். ஆதலால், அடைமழை தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பாகப் பதித்து முடித்து, வேரூன்றிய நிலையில் புல்லை மழைக்கு ஒப்படைப்பதே நம் நோக்கமாக இருக்க வேண்டும். ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, அதாவது ஆவணி முழுவதும் புரட்டாசி முற்பகுதியும், சமவெளியின் பெரும்பகுதிக்கு முதல் தரமான பருவமாகும்.

இப்பொது விதியை உங்கள் ஊருக்கு ஏற்ப முன்பின்னாக நகர்த்திக் கொள்ள வேண்டும்.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு இந்தப் பருவம் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. பகலில் வெயில், மாலையில் இடியோடு மழை, மறுநாள் மீண்டும் வெயில். புல் வேர் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்! ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதியில் மார்கழிக் குளிர் கடுமை. அங்கே பருவத்தைத் தவற விட்டால் மாசி வரை பொறுத்திருப்பது நல்லது.

கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலைப் பகுதி உழவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேகமூட்டமும் சாரலும் இருப்பதால் அதுவே ஏற்ற காலம் என்று பலர் தொடங்கி விடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை மறந்து விடுகிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, புல் பத்தையின் ஓரங்கள் நிச்சயம் காய்கின்றன. சாரல் இலையை நனைக்கிறது. காற்று அதைவிட விரைவாக உலர்த்தி விடுகிறது. காற்று தணியும் ஆவணி நடுப்பகுதி வரை காத்திருங்கள். மதிலோ மரவரிசையோ காற்றை மறைக்கும் இடமாயின் ஆடிக் கடைசியில் தொடங்கலாம்.

சென்னை, செங்கல்பட்டு, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் மழை கொட்டித் தீர்க்கும். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில் பெய்து விடுகிறது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே செப்டம்பர் நடுவுக்குள் பதித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த ஆண்டின் முதல் பருவத்தை விட்டு விடுங்கள். காவிரிப் படுகையின் களிமண் நிலங்களுக்கும் இதுவே பொருந்தும். ஈரக் களியை மட்டம் செய்ய முயன்றவர்களுக்குத் தெரியும். மிதித்த இடமெல்லாம் குழியாகும், காய்ந்தபின் கல்லாகும்.

தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்கள் விதிவிலக்கு. தென்மேற்குப் பருவமழை அங்கே பெயரளவுக்குத்தான். ஆவணியிலும் புரட்டாசியிலும் வெயிலும் காற்றும் கோடையைப் போலவே இருக்கும். அங்குள்ள செம்மண், மணற்சாரி நிலங்களில் ஐப்பசி முதல் மழையைப் பார்த்துப் பதிப்பதே முறை. நீர் கீழே இறங்கி விடுவதால் அழுகல் பயம் குறைவு. கரிசல் நிலமாயின், மேலே 15 செ.மீ. செம்மண் பரப்பாமல் எந்தப் பருவத்திலும் பதிக்காதீர்கள். கோடையில் கரிசல் பிளக்கும்போது வேரும் சேர்ந்து அறும்.

தென்காசியிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இரு பருவமழைகளும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆவணி மாதம் தவறாமல் கைகொடுக்கும்.

நீலகிரியின் கணக்கு வேறு. உதகைப் பகுதியில் படரும் கிகுயு புல் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்தது. குளிர்ந்த மலைக்காற்றை விரும்பும், ஆனால் உறைபனியில் இலை கருகி விடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே உறைபனி விழக்கூடும். ஏப்ரல், மே மாதக் கோடை மழையோடு பதித்தால் ஜூன் பெருமழைக்கு முன் வேர் இறங்கி விடும். சரிவு நிலங்களில் இது மிகவும் முக்கியம்.

முதல் பருவத்தைத் தவற விட்டவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு தை பிற்பகுதியும் மாசி முற்பகுதியும். மழை ஓய்ந்து மண் பதமாக இருக்கும். பனி ஈரம் உண்டு. நீர் ஆவியாவதும் குறைவு. இரவுக் குளிரால் வேர் சற்று மெதுவாகவே ஓடும் என்பது குறை. அருகு இனமாயின் துணிந்து பதிக்கலாம். பங்குனி வெயிலுக்குள் நிலைத்து விடும். கொரியன் புல்லாயின், கிணற்றில் சித்திரை வரை தண்ணீர் நிற்கும் என்ற உறுதி இருந்தால் மட்டும் இறங்குங்கள். மாசி நடுவுக்குப் பின் எந்தப் புல்லும் வேண்டாம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் விலக்க வேண்டிய மாதங்கள்.

வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்களைப் படித்து விட்டு, இலையுதிர் காலத்திலும் பனிக்காலத் தொடக்கத்திலும் பதிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் புத்தகங்கள் குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே வளர்ப்பது ரை புல், ஃபெஸ்க் புல் போன்ற குளிர் விரும்பும் இனங்கள். அவற்றுக்குக் கோடைதான் உறக்க காலம். குளிர்ந்த மாதங்களில் வேர் ஓடும். நம் புல்லுக்கோ நேர்மாறு. குளிர் மிகுந்தால் அது சோம்பி விடும்.

கோடை மண்ணுக்கு

ஆவணியில் பதிக்க நினைப்பவர் ஆவணியில் வேலையைத் தொடங்கினால் பிந்தி விட்டார் என்றே பொருள். சித்திரை, வைகாசி வெயில் புல்லைக் கொல்லும் என்றேன். அதே வெயில் கோரையையும் கொல்லும். அதைப் பயன்படுத்திக் கொள்ளாமல் விடலாமா?

புல்தரைக்குக் கோரையைப் போன்ற பகை வேறில்லை. பதித்தபின் அது பத்தையைத் துளைத்துக் கொண்டு எழும். பிடுங்கினால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணில் இருக்கும். சித்திரையில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளைப் புரட்டிப் போட்டு விடுங்கள். மேலே வந்த கிழங்குகள் வெயிலில் நீர் வற்றிச் சாகும். கல், செங்கல் துண்டு, வேர்க்கட்டை எல்லாவற்றையும் பொறுக்கியெறியுங்கள். புது வீட்டு முற்றங்களில் சுண்ணாம்பும் சிமெண்டுக் காரையும் புதைந்து கிடக்கும். அவற்றை விட்டு வைத்தால் பின்னாளில் அந்த இடங்களில் மட்டும் புல் வெளுத்து நிற்கும். வைகாசியில் கோடை மழை கிடைத்ததும், கிடைக்காவிட்டால் ஒருமுறை நீர் பாய்ச்சியும், மிஞ்சிய கிழங்குகளை முளைக்க விட வேண்டும். நாலைந்து இலை வந்ததும் கிழங்கோடு தோண்டியெடுக்க வேண்டும். இதை ஆடிக்குள் இரண்டு முறையாவது செய்யுங்கள். ஈர நிலத்தின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பை நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்து, வெயிலின் சூட்டால் களை விதைகளை அழிக்கும் முறையும் உண்டு. விதைக் களைகளுக்கு அது நல்ல முறை. கோரைக் கிழங்கை மட்டும் அதை நம்பி விட்டு விடக் கூடாது.

ஆடி மாதத்தில் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ மக்கிய தொழு எரு இட்டுக் கலக்குங்கள். 5 சென்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் ஆகும். மக்காத எருவில் களை விதையும் வேர்ப்புழுவும் சேர்ந்தே வரும். வேரூக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 கிராம் சூப்பர் பாஸ்பேட் இடலாம். களிமண்ணாயின் ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். எருவின் அளவைக் கூட்டுங்கள், வடிகாலைச் சரி செய்யுங்கள். கட்டடத்திலிருந்து வெளிப்புறமாக மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் இருந்தால் போதும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் ஒரு கயிறும் இதற்கு உதவும். மட்டம் செய்தபின் நன்றாக நீர் விட்டு இரண்டு வாரம் ஆற விடுங்கள். பள்ளம் விழ வேண்டிய இடமெல்லாம் அதற்குள் விழுந்து விடும். நிரப்பி, உருளையால் லேசாக அழுத்துங்கள். நடந்தால் காற்சுவடு பதிய வேண்டும். கால் புதையக் கூடாது.

பதிக்கும் நாள்

வெட்டிய பத்தையை 24 மணி நேரத்துக்குள் பதித்து விட வேண்டும். ஆகவே நிலம் ஆயத்தமான பிறகே புல்லுக்குச் சொல்லியனுப்புங்கள். இரவில் ஏற்றி விடியற்காலையில் வந்து சேரும்படி ஏற்பாடு செய்வது உத்தமம். இறக்கியதும் அடுக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், புளித்த வாடை அடித்தால், வாங்காதீர்கள். பத்தையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கும்போது உதிராமல் பாய்போல் தொங்க வேண்டும். உதிர்ந்தால் அது இளம் புல். வெட்டும் பருவம் வருமுன் வெட்டியது.

எந்தப் புல் என்பதை இடம் பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு அருகு இனத்தைப் போன்றது வேறில்லை. அழகுக்கு மட்டும் என்றால் கொரியன் புல். மர நிழலுக்கு அகன்ற இலையுடைய எருமைப்புல்தான் தாக்குப் பிடிக்கும். நிழலில் அருகு நிலைக்காது. எந்தப் பருவத்தில் பதித்தாலும் நிலைக்காது.

நிலத்தை முன்னதாக நனைத்து, ஈரம் உள்ளே இறங்கியபின், நேரான ஓர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். செங்கல் அடுக்குவதுபோல் ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வர வேண்டும். இடைவெளி விடாமலும், இழுத்து நீட்டாமலும் நெருக்கி வையுங்கள். பதித்த புல்லின்மேல் நிற்க நேர்ந்தால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சன்னமான மணலும் சலித்த எருவும் கலந்து இணைப்புகளில் தூவி, மரக்கட்டையால் தட்டிக் கொடுங்கள். அடியில் காற்று தங்கிய இடத்தில் வேர் இறங்காது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நீர் தெளித்து விடுங்கள். முழுதும் முடியட்டும் என்று காத்திருந்தால் முதல் வரிசை அதற்குள் வாடி விடும்.

முதல் பத்து நாள் காலை, மாலை இரு வேளையும் நீர் தேவைப்படும். மழை பெய்த நாளில் வேண்டாம். மேலே நனைந்தால் போதாது. ஒரு மூலையைத் தூக்கி அடிமண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூலை எளிதில் தூக்க வராமல் பிடித்துக் கொண்டால், அடியில் வெள்ளை வேர்கள் தெரிந்தால், நீரை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பிறகு அளவைக் கூட்டி இடைவெளியையும் கூட்டுங்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கி விடும். முதல் வெட்டு, புல் நன்கு பிடித்த பிறகு. அப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவை முதல் வெட்டுக்குப் பின் தூவி, உடனே நீர் விடுங்கள். பதிக்கும்போதே யூரியா இடுபவர்கள், வேர் இல்லாத புல்லை இலை விடச் சொல்லி விரட்டுகிறார்கள்.

புல் வளர்த்து விற்பவர்களுக்கு

வாங்குபவருக்கு ஆவணி பருவம் என்றால், விற்பவருக்கு அதற்கு முன்பே கணக்குத் தொடங்குகிறது. அருகு இனம் நட்ட நாலைந்து மாதத்தில் வெட்டத் தக்கதாகும். கொரியன் புல்லுக்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். சித்திரையில் வந்து, உடனே வேண்டும் என்று கேட்பவரிடம் விற்பது எளிது. அந்தப் புல் காய்ந்தபின் அவர் உங்கள் புல்லைத்தான் குறை சொல்வார்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஏக்கரில் 2.5 செ.மீ. கனத்துக்குப் பத்தை வெட்டினால் ஏறத்தாழ 100 கன மீட்டர் மேல்மண் லாரியில் ஏறிப் போகிறது. டிராக்டர் டிப்பரில் கணக்கிட்டால் முப்பது நடைக்குக் குறையாது. விலையில் அந்த மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். இயன்ற அளவு மெல்லியதாக வெட்டுங்கள்; மெல்லிய பத்தை வேர் பிடிப்பதும் விரைவு, காய்வதும் விரைவு என்பதை வாங்குபவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் வண்டல், எரு இட்டு ஈடு செய்யாவிட்டால், நாலைந்து வெட்டில் நிலம் அடிக்கல் காட்டி விடும்.

வரப்புக்கும் கரைக்கும்

புல்தரை நமக்கு எதற்கு என்று இதுவரை படித்து விட்டு நினைப்பவர்களும் இருக்கலாம். பண்ணைக் குட்டை வெட்டியவர்கள் ஏராளமானோர் இருக்கிறீர்கள். கோடையில் வெட்டிய குட்டையின் கரையை வெற்று மண்ணாக விட்டால், ஐப்பசி மழை அதைக் கரைத்துக் குட்டைக்குள்ளேயே கொண்டு வந்து சேர்க்கும். வரப்போரத்து அருகம்புல்லைப் பத்தையாக வெட்டிக் கரைச்சரிவில் ஆவணியில் பதித்து விடுங்கள். முழுதும் மூட வேண்டியதில்லை. சரிவின் குறுக்கே ஒரு முழ இடைவெளியில் வரிசை வரிசையாகப் பதித்தால் போதும். மழை தொடங்கியதும் அருகு தானே படர்ந்து இடைவெளியை மூடிக் கொள்ளும். சரிவு செங்குத்தாக இருந்தால் பத்தைக்கு இரண்டு மூங்கில் முளை அடித்து நிறுத்துங்கள். வேர் பிடித்தபின் முளையைப் பிடுங்க வேண்டாம், மக்கி விடும். கரையில் ஆடு மாடு இறங்காமல் ஒரு மாதம் மட்டும் முள் போட்டு மறித்து வையுங்கள்.